தகுதியுள்ள நபர்

பிப்ரவரி 9

மாப்ள,

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம் என்று உன் அக்கா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "எழுதித் தொலைங்க. அப்பவாவது ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் வாயை மூடிட்டு இருப்பீங்க" என்கிறாள். அதனால் இந்தக் கடிதம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் நீளமான சமாச்சாரம். பிழை இருந்தால் உன் ஆபீஸ் சிவப்புப் பென்சிலால் திருத்திக்கொள்.

உன் சட்டம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

போன வருஷம் எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்ன சொன்னாய்? "அத்தான், இந்த வணிக ஊக்குவிப்புச் சட்டம் மட்டும் வரட்டும். வளர்ந்துட்டு வர்ற நாடு ஒவ்வொண்ணுலயும் புதுசு புதுசா வீடு கட்டறான். வீடுன்னா கதவு. கதவுன்னா கீல். உங்க கீல் எங்கெல்லாம் போகுதுன்னு பாருங்க." நான் அதைப் பட்டறை முழுக்கச் சொன்னேன். கோந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ஒருவரோடு ஒட்டினால் விடமாட்டானே, அந்த ஃபிட்டர்தான்.

கீல் போகவில்லை. தொழிற்சாலை போகிறது.

வெளிநாட்டில் தொழில் தொடங்கி நட்டம் வந்தால் அரசாங்கமே ஏற்கும் என்று உன் சட்டத்தில் இருக்கிறதாமே. முதலாளி அந்த உத்தரவாதத்தில் கடன் வாங்கிவிட்டார். தகடு அடிக்கும் பிரஸ்களை நான் கழற்றி, கிரீஸ் தடவி, மரப்பெட்டியில் அடைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற எல்லோரையும் அனுப்பியாயிற்று. கழற்றுகிறவனே அங்கே போய் மாட்டவும் வேண்டும் என்பதால் என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். கேன்டீனில் கழுவுவதற்கு ஒரே ஒரு டம்ளர்.

நேற்று கோந்து கேட்டுக்கு வெளியே நின்றான். "உங்க மச்சினன் எழுதின சட்டம்தானேண்ணே?" என்றான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்கா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நான் விசாரிக்கவில்லை.

அத்தான்


பிப்ரவரி 20

அத்தானுக்கு,

சட்டம் என்னுடையது அல்ல. மற்றவர்கள் விரும்புவதை நான் வாக்கியமாக்குகிறேன். வரைவாளன் என்றால் அவ்வளவுதான். எழுதிய பிறகு படித்தால் நொண்டிச் சாக்கு மாதிரி இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடவில்லை. இருக்கட்டும்.

என் அறை நான்காம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு கட்டடத்தின் ஜன்னல். அதை அவர்கள் திறப்பதே இல்லை. அங்கிருந்து பார்த்தால் ஏதோ ஒரு நாடு வளர்வது எப்படித் தெரியும்? தாளில்தான் தெரியும். தாளில் எல்லா நாடும் வளர்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் இப்படி இருந்தது: பழைய இயந்திரங்களை வெளியே கொண்டுபோகும் நிறுவனம், அவற்றை அங்கே ஓட்டும் முன் நம் அரசு ஆய்வாளரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். குழுவில் ஓர் உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆய்வாளர் பெட்டி கட்டி, விமானம் ஏறி, போய்ச் சேர்றதுக்குள்ள சந்தை வேற ஆள் கைக்குப் போயிருமே. எடுத்துருங்க." எல்லோரும் தலையசைத்தார்கள்.

நான் எழுந்தேன். கேட்காமல் நாங்கள் பேசக் கூடாது. பேசினேன். ஆய்வாளருக்குப் பதிலாக, நிறுவனம் நியமிக்கும் 'தகுதியுள்ள நபர் ஒருவர்' சான்று கொடுத்தால் போதும் என்று வைக்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். பிரிவு பதினெட்டு. முழுவதும் போக இருந்ததில் பாதியை நிறுத்தினேன்.

அதை எழுதும்போது ஒரு முகம் தேவைப்பட்டது. உங்கள் முகம் வந்தது. அக்காவின் மிக்ஸியைப் பிரித்து சாப்பாட்டு மேசையில் பரப்பி, சரியாகும்வரை யாரையும் சாப்பிட விடாத மனிதர். அப்படி ஒருவர் கையில் போனால் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

நீங்கள் விசாரிக்காவிட்டாலும், நலம்.


ஏப்ரல் 27

மாப்ள,

வந்து சேர்ந்தேன். புதுச் சிமெண்ட் வாடை. தகரக் கூரை. மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

இங்கே எனக்குப் பேச்சு கிடையாது. நம் நாட்டில் வந்து படித்த உள்ளூர்ப் பையன் ஒருவன் மொழிபெயர்க்கிறான். அவனுக்கு நான் 'என் வாய்' என்று பெயர் வைத்திருக்கிறேன். மேலாளருக்குப் பெயர் டைக்காரர். இந்தப் புழுக்கத்திலும் டை கட்டுகிறார். பகலில் பாதி நேரம் என் வாயை அவர் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நான் ஊமையாக நட்டு முடுக்குவேன்.

வேலைக்கு வந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒருத்தி எல்லாவற்றையும் இடது கையால் செய்கிறாள். கைவேகம் பிரமாதம். நான் ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று தேடுவதற்குள் எடுத்து நீட்டுவாள். என் நடையைப் போலச் செய்துகாட்டி மற்றவர்களைச் சிரிக்க வைக்கிறாள் என்று என் வாய் சொன்னான். உன் அக்காவிடம் சொல்லாதே, அவளும் கற்றுக்கொள்வாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை ஒரு பிரஸ்தான் மாட்டியாயிற்று. அதில் இரண்டு பொத்தான் உண்டு. இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தான்மேல் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. அவ்வளவுதான் பாதுகாப்பு. இந்தப் பொத்தான்களைக் கவனிக்க ஒரு ரிலே சுவிட்ச் இருக்கிறது. இங்கே சாயங்காலமானால் ஊரெல்லாம் விளக்குப் போடுகிறார்கள், மின்னழுத்தம் விழுகிறது, ரிலே துவண்டுவிடுகிறது. பிரஸ் நிற்கிறது. ஸ்டெபிலைசர் வேண்டும் என்றேன். "திறப்பு விழா முடியட்டும்" என்கிறார் டைக்காரர். அமைச்சர் வருகிறாராம். உன் தலைமை வரைவாளரும் வருகிறாராம். உன் சட்டத்தின் கீழ் ஓடப்போகும் முதல் தொழிற்சாலை இது.

விழாவுக்கு முன் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். தகுதியுள்ள நபர் நான்தான். உனக்குத்தான் முன்பே தெரிந்திருக்கிறதே.

நேராகக் கேட்கிறேன். போடலாமா, கூடாதா? ஒரு வார்த்தையில் எழுது.

அத்தான்


மே 8

அத்தானுக்கு,

தனிநபருக்குச் சட்டக் கருத்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எடுத்துக்கொள்வீர்கள் என்றும் தெரியும்.

பொதுவாகச் சொல்வதென்றால், சான்று என்பது கையெழுத்திடும் நாளில் இயந்திரம் இருக்கும் நிலையைப் பற்றியது. அன்று அது சரியாக இருந்தால், சரியாக இருந்தது என்று எழுதுவதில் தவறு இருக்க முடியாது.

ஒரு வார்த்தை கேட்டீர்கள். எங்கள் பிரிவில் யாரும் எதையும் ஒரு வார்த்தையில் சொல்வதில்லை.

தலைமை வரைவாளர் புதுப் பெட்டி வாங்கியிருக்கிறார். சக்கரம் வைத்தது. தாழ்வாரத்தில் உருட்டிப் பார்த்தார். என் வேலையை நிரந்தரமாக்கும் தாள் அவர் மேசையில் இருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.


ஜூன் 2

மாப்ள,

இடது கைக்காரியின் விரல்கள் போய்விட்டன. இடது கை. கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால் எங்கேயாவது வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்று பார்க்கிறேன்.

விழா அன்று காலையில் கரண்ட் நன்றாக இருந்தது. இரண்டு பொத்தானையும் திரும்பத் திரும்பச் சோதித்தேன். கையெழுத்துப் போட்டேன். நீ எழுதியபடி, அந்த நேரத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் விருந்தினர் வந்தார்கள். மேடை விளக்கு, மின்விசிறி, மைக். ரிலே விழுந்தது. அமைச்சர் கையில் கத்தரிக்கோல். டைக்காரர் என் காதருகே வந்தார். "இப்ப ஓடணும். எப்படியோ ஓட்டுங்க. ஏன் எதுக்குன்னு அப்புறம் பேசலாம்." நான் ரிலேயைத் தாண்டி, இடது பொத்தான் எப்போதும் அழுத்தியபடி இருக்கிற மாதிரி ஒரு துண்டு வயரால் கட்டிவிட்டேன். இனி வலது பொத்தான் ஒன்றே போதும். முதல் கீல் விழுந்தது. கை தட்டினார்கள். உன் தலைமை வரைவாளர் எனக்குக் கை கொடுத்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. கையில் கிரீஸ் பட்டதும் துடைக்க இடம் தேடினார்.

எல்லோரும் போனதும் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நம் பட்டறையில் அதுதான் வழக்கம். ஃபிட்டர் பையில் பியூஸ் இருந்தால் அந்த பிரஸ் செத்த பிரஸ். அவன் திரும்பி வந்து மாட்டும்வரை முதலாளியே வந்தாலும் தொடமாட்டார். போர்டு எழுதி மாட்டியதில்லை, யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஸ்டெபிலைசர் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்றார்கள். வாங்கப் போனேன். ஷிஃப்ட் மேற்பார்வையாளன் பிரஸ் ஓடவில்லை என்று பார்த்திருக்கிறான். பியூஸைக் காணோம். ஸ்டோரில் போய் வேறொன்று வாங்கி மாட்டிவிட்டான். அவன்மேல் என்ன தப்பு? பியூஸ் இல்லாவிட்டால் பியூஸ் போடுவார்கள்.

அவள் வலது கையால் பொத்தானை அழுத்திக்கொண்டே இடது கையால் தகட்டை எடுத்திருக்கிறாள். கைவேகம் என்று சொன்னேன் அல்லவா.

நான் வந்தபோது தரையில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். பியூஸ் என் பையில் இருந்தது. அந்த வயரை எடுக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எப்படியும் செத்த பிரஸ்தானே என்று விட்டுவிட்டேன்.

அக்காவிடம் இப்போது சொல்லாதே.


ஜூன் 15

அத்தான்,

படித்தேன். மடித்தேன். மறுபடி பிரித்தேன்.

அக்கா போன் செய்கிறாள். "அவர் குரல் சரியில்லடா. என்னமோ மறைக்கிறார். நீயும் மறைக்கிறே. ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கிறது இந்த ஒரு விஷயத்துலதான்."

கோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது. அங்கே உங்கள்மேல் போட்ட வழக்கில் நீதிபதி நம் அரசைக் கேட்டிருக்கிறார்: இந்தச் சான்றுக்கு உங்கள் சட்டத்தில் என்ன பொருள்? கையெழுத்திட்ட நாளுக்கு மட்டுமா, இயந்திரம் ஓடும் காலம் முழுதுமா? அன்றைக்கு மட்டும் என்றால், அதன் பிறகு அதை ஓட்டிய நிறுவனமும் கூண்டில் ஏற வேண்டும். காலம் முழுதும் என்றால் நீங்கள் மட்டும்.

தலைமை வரைவாளர் என்னை அழைத்தார். "சான்று கொடுத்தவர்தான் பொறுப்புன்னு எழுதிடுப்பா. கம்பெனியை இழுத்தா நாளைக்கு எவன் வெளியே போய் முதலீடு பண்ணுவான்? சட்டமே படுத்துரும்."

"சார், அந்த நபர்..."

"நபர் யாரா இருந்தா நமக்கென்ன?"

நான் சொல்லவில்லை. உறவு என்று சொன்னால் கோப்பு வேறு மேசைக்குப் போய்விடும். என்னிடம் இருந்தால் ஏதாவது செய்யலாம். இப்படித்தான் நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

அங்கே உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருப்பார். பேனலை அவரும் திறந்திருக்கக்கூடும். வயரைப் போட்டது இன்னார் என்பதற்குச் சாட்சி இருக்கிறதா? யோசியுங்கள். நான் எதுவும் சொல்லவில்லை.


ஜூலை 1

மாப்ள,

நீ எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் படிக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் இருக்கிறார். விழா அன்று மேடையில் மைக் கட்டிக்கொண்டிருந்தார். என் பாஷையில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் "சாப்பிடு". அதை ஒரு நாளும் சொல்லாமல் விட்டதில்லை. வயரை நான் போட்டேன் மாப்ள. அதையே சொல்லிவிட்டேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறேன். பாஸ்போர்ட் டைக்காரரிடம். "கேஸ் முடியட்டும், பத்திரமா இருக்கும்" என்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே திரும்பிவிடலாம் என்று இருந்தது. அவள் கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. என்னைத் திட்டுவாள் என்று என் வாயைத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தேன். இடது கைக்காரி ஏதோ கேட்டாள். என் வாயைப் பார்த்தேன்.

"என்னப்பா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

"சொல்லுப்பா. திட்டட்டும்."

"வேலை இருக்குமான்னு கேக்கிறாங்க. வலது கை நல்லாத்தான இருக்குன்னு சொல்றாங்க."

நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்னைக் காப்பாற்ற வேண்டாம். வயர் என் பங்கு. அதை நான் வாங்கிக்கொள்கிறேன். ஓட்டச் சொன்னது அவர்கள் பங்கு, ஸ்டெபிலைசரைத் தள்ளிப்போட்டது அவர்கள் பங்கு. அதையும் என் தலையில் வைக்காதே. சான்று அன்றைய நிலைக்குத்தான் என்று எனக்கு எழுதினாய் அல்லவா, அதையே அங்கேயும் எழுது. முதலில் ஆய்வாளர் இருந்தார், பிறகு எடுத்தார்கள் என்றும் எழுது. நடந்ததைத்தானே கேட்கிறேன்.

உன் அக்காவிடம் நேற்று எல்லாவற்றையும் போனில் சொல்லிவிட்டேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.


ஜூலை 19

அத்தான்,

இரண்டு கருத்துரை எழுதினேன்.

முதலாவதில் எல்லாம் இருந்தது. ஆய்வாளர், குழு, மூக்குக் கண்ணாடி இல்லை, மற்றபடி எல்லாம். அன்றைய நிலைக்கு மட்டும் என்றும் இருந்தது. தலைமை வரைவாளர் படித்தார். கோபப்படவில்லை. "நல்லா எழுதறே. ஆனா இது யாரோ ஒருத்தருக்காக எழுதின மாதிரி இருக்கு. சட்டம் யாருக்காகவும் இல்லப்பா" என்றார். தாளை என் பக்கம் தள்ளினார். கூடவே என் நிரந்தர ஆணையும் இருந்தது. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரே கோப்புக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது கருத்துரை போய்விட்டது. சான்று இயந்திரம் ஓடும் காலம் முழுவதற்கும். பொறுப்பு சான்றளித்தவருக்கு. கீழே என் கையெழுத்து.

கருத்துரை போனதை அன்று மாலையே அக்காவிடம் போனில் சொன்னேன். மறுநாள் வந்தாள். பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்த சேலையோடு என் அறையில் நின்றாள்.

"நீ எழுதினது தப்புன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அது மட்டும் சொல்லு."

"அக்கா, சட்டப்படி பார்த்தா..."

"உக்காருன்னு சொல்றதுக்குக்கூட உனக்குச் சட்டம் வேணும் போல."

போய்விட்டாள். நாற்காலியை இழுத்தேன். தாழ்வாரம் காலியாக இருந்தது.

என் மே மாதக் கடிதம் உங்களிடம் இருக்கும். நீதிமன்றத்தில் காட்டுங்கள். என் வேலை போனால் போகட்டும். இதை மனதார எழுதுகிறேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை.


ஆகஸ்ட் 11

மாப்ள,

காட்டினேன்.

என் வாய் அதை வரிவரியாகப் படித்துச் சொன்னான். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இது அரசாங்கத்தின் கருத்தா?" என்று கேட்டார். தனிநபருக்குக் கருத்துச் சொல்ல அனுமதி இல்லை என்று நீயே முதலில் எழுதியிருக்கிறாய். அப்புறம், 'பொதுவாகச் சொல்வதென்றால்'. கம்பெனி வக்கீல் சிரித்துவிட்டார். உன் வேலைக்கு ஒன்றும் வராது. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான்கு வருஷம் ஜெயில். கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. இடது கைக்காரிக்கு ஈடு கொடுக்க வேண்டியவனும் நான்தானாம். என் வாய் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகும்போது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். அவளுக்கும் வாய் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை கூட்டிப் போவார்கள். அதுவரை இதே அறை. வாசலில் ஒரு காவலர்.

கோந்து வந்திருக்கிறான். என் இடத்துக்கு அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மீதி பிரஸ்களையும் மாட்டிவிட்டான். ஜன்னல் வழியாகப் பேசினோம். "கையெழுத்துப் போடாதே" என்றேன்.

"போடலேன்னா அடுத்த விமானத்துல அனுப்பிருவாங்கண்ணே. ஊர்ல போய் என்ன பண்றது? அங்கதான் ஒண்ணுமே இல்லையே."

"ஸ்டெபிலைசர் மாட்டினியா?"

"ஒண்ணுதான் வந்துச்சு. மத்ததுக்கு எழுதிப் போட்டிருக்காங்களாம்."

"வயர்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரிக்கப் பார்த்தான். பையில் பியூஸ் இல்லை.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

மாப்ள, இரண்டு கையாலும் ஓட்டும் பிரஸ்ஸுக்கு ஒரு சத்தம் உண்டு. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். தகட்டை வைத்த கை பொத்தானுக்குத் திரும்பும் நேரம். ஒரு கையால் ஓட்டினால் அந்த இடைவெளி இருக்காது.

காலையிலிருந்து சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பிரஸ்ஸையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறது. ஒன்றில் இருக்கிறது. மற்ற எதிலும் இல்லை.

காவலரிடம் சொன்னேன். என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சுவரைத் தட்டினேன். உள்ளே பிரஸ் ஓடும்போது வெளியே தட்டுவது யாருக்கும் கேட்காது.

இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

அத்தான்